போனவர் வயிற்றில் அடி, இருப்பவர் முதுகில் சுமை

ஆட்குறைப்பு என்ற சொல் பஞ்சாலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. காலத்துக்குக் காலம் அதன் பெயர்தான் மாறி வருகிறது. முன்பு "ராஷனலைசேஷன்" என்றார்கள். பிறகு "நவீனமயம்" என்றார்கள். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகள் "மறுசீரமைப்பு" என்கின்றன. பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே: பத்துப் பேர் செய்து வந்த வேலையை ஏழு பேர் செய்ய வேண்டும்; மூன்று பேர் வீட்டுக்குப் போக வேண்டும்.

இப்படிச் செய்தி வந்தால் ஊரார் அந்த மூன்று பேருக்காக வருந்துகிறார்கள். அது நியாயமே. ஆனால் மீதி ஏழு பேர்? "அவர்கள் தப்பித்தார்கள்" என்கிறார்கள். அந்த ஏழு பேரும் அப்படித்தான் நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். முதலாளி விரும்புவதும் அதைத்தான். தப்பித்தோம் என்று நினைப்பவன் வாய் திறப்பானா?

ஆட்குறைப்பில் தப்பித்தவர் எவரும் இல்லை என்று நாம் சொல்கிறோம். போனவர் வயிற்றில் அடி விழுகிறது. இருப்பவர் முதுகில் சுமை ஏறுகிறது. அடித்த கையும் சுமை ஏற்றிய கையும் ஒன்றே. இதைப் போனவரும் இருப்பவரும் தெரிந்துகொள்ளாத வரையில் அந்தக் கை ஓயாது.

புதுச்சேரி ஆலைகள் சொல்லும் பாடம்

காரைக்காலிலிருந்து புதுச்சேரி நகரம் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் இரண்டு ஊரின் தலைவிதியும் ஒன்றாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1954 நவம்பர் 1 வரை இரண்டும் பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தன. இன்றும் இரண்டுக்கும் ஒரே சர்க்கார்தான். ஆகவே புதுச்சேரி ஆலைகளின் கதை நமக்கு அந்நியமல்ல.

1936 ஜூலை 30-ல் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். தோழர் வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக, 1937-ல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாயின. எட்டு மணி நேரம் என்பது யாரோ கொடுத்த தானமல்ல. உயிரைக் கொடுத்து வாங்கியது.

அந்தப் பரம்பரையில் வந்த பெரிய ஆலை முதலியார்பேட்டை ரோடியர் ஆலை. 1898-ல் தொடங்கியது. ஏ.எப்.டி. என்று எல்லாருக்கும் தெரியும். தனியார் கையிலிருந்து பின்னர் சர்க்கார் கைக்கு வந்தது. 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயல் ஆலையைச் சேதப்படுத்தியது. புயல் ஒரு நாளில் போய்விட்டது. ஆலை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. 2013 முதல் தொழிலாளர்கள் லே-ஆப்பில் வைக்கப்பட்டு அரைச் சம்பளத்துக்கு ஆளானார்கள். 2020 ஏப்ரல் 30-ல் ஆலை மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளின் சங்கும் இன்று ஊதுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2013-க்கும் 2020-க்கும் நடுவே ஆறு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த ஆறு வருஷமும் ஏ.எப்.டி. தொழிலாளியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வேலையை விட்டுப் போனவரா, வேலையில் இருப்பவரா? பதிவேட்டில் பெயர் இருந்தது; தறியில் கை இல்லை. சம்பளம் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. லே-ஆப் என்பது ஆளை வெளியே தள்ளாமலே வெளியேற்றும் வழி. அரைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாதவன் தானாகவே வேறு கூலிக்குப் போவான். கொடுத்ததை வாங்கிக்கொண்டு கணக்கு முடித்துக்கொள்வான். ஆலைச் சொந்தக்காரன் தனி முதலாளியானாலும் சர்க்காரானாலும் தொழிலாளி வீட்டு அடுப்புக்கு வித்தியாசம் தெரியாது.

போனவருக்கு நேர்வது என்ன?

ஆட்குறைப்பு செய்தால் நஷ்ட ஈடு உண்டு என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு? ஒரு வருஷ சேவைக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது வருஷம் உழைத்தவருக்கு 300 நாள் சம்பளம்; அதாவது சுமார் பத்து மாதச் சம்பளம். இருபது வயதில் ஆலைக்குள் நுழைந்தவருக்கு இப்போது நாற்பது வயது. அறுபது வரை இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. பத்து மாதச் சம்பளத்தில் இருபது வருஷத்தை எப்படி ஓட்டுவது? பெண் கல்யாணமும் பையன் காலேஜ் பீஸும் அந்தப் பத்து மாதத்துக்குள்ளேயே வந்துவிட்டால் என்ன செய்வது?

சம்பளம் போவது மட்டுமல்ல. மனிதனின் நாளே அவனிடமிருந்து போய்விடுகிறது. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா பக்கம் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். அங்கே இருந்தது நம்மைப் போன்ற ஒரு பஞ்சாலைதான். 1929-30-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அந்த ஊரின் 478 குடும்பங்களில் பெரும்பாலானவை வேலையில்லாமல் நின்றன. மேரி யகோடாவும் அவருடைய தோழர்களும் அந்த ஊருக்குப் போய் ஜனங்களோடு பழகி ஆராய்ந்து 1933-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன? வேலை இல்லாததால் படிக்க நேரம் நிறைய இருந்தது. ஆனால் தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. போக அவசரமான இடம் இல்லாததால் ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். நடுவே நடுவே நின்றார்கள். பெண்கள் வேகமாகவே நடந்தார்கள், ஏனென்றால் வீட்டு வேலைக்கு லே-ஆப் கிடையாது. சங்கக் கூட்டம், அரசியல் பேச்சு, விளையாட்டு எல்லாம் சுருங்கின. பசி வந்தால் ஜனங்கள் தாமாகவே பொங்கி எழுவார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. மரியந்தால் காட்டியது வேறு. வேலை போனவனைத் தனியே விட்டால் அவன் எழுவதில்லை, ஒடுங்கிப் போகிறான்.

ஆகவே, வேலை போனவரைத் தனியே விடக்கூடாது.

இருப்பவருக்கு நேர்வது என்ன?

மூன்று பேர் போன மறுநாள் ஆலையில் மிஷின்களின் எண்ணிக்கை குறைவதில்லை. அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும். நூல் நிறைந்த உருளைகளைக் கழற்ற வேண்டும். பஞ்சுத் தூசியைப் பெருக்க வேண்டும். அந்த மூன்று பேரின் வேலை எங்கேயும் போய்விடவில்லை. அது ஏழு பேர் மீது ஏறிக்கொண்டது. கூலி மட்டும் ஏறவில்லை. முதலாளிக்கு மூன்று பேரின் சம்பளம் மிச்சம். வேலையோ குறையாமல் நடக்கிறது. இந்த மிச்சம் யார் உடம்பிலிருந்து வந்தது?

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று அவனுக்கு உண்டு. அதன் பெயர் பயம். ஏழு பேரும் இப்போது அடுத்த பட்டியலை எதிர்பார்த்து நிற்கிறார்கள். காய்ச்சல் அடித்தாலும் லீவு கேட்கத் தயங்குகிறார்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் நிறுத்தி வைத்தால் இரட்டைக் கூலி கேட்க வாய் வரவில்லை. மிஷினுக்குப் பாதுகாப்புத் தடுப்பு இல்லை என்று சொல்லப் பயம். சங்கச் சந்தா கொடுப்பதை மேஸ்திரி பார்த்துவிடுவானோ என்று பயம். பக்கத்தில் நிற்பவன் பெயர் பட்டியலில் வந்தால் தன் பெயர் வராது என்ற எண்ணம் மெல்ல உள்ளே நுழைகிறது. அந்த எண்ணம் நுழைந்த இடத்தில் சங்கம் செத்துவிடுகிறது. மூன்று பேரை வெளியேற்றி ஏழு பேரை வாயடைக்க வைப்பதுதான் ஆட்குறைப்பின் முழுக் கணக்கு.

சரி, வாயடைத்து இருந்தாலாவது வேலை நிலைக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையைப் பாருங்கள். 2006-ல் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே செல்போன் செய்தார்கள். 2014-ல் முதலில் "விருப்ப ஓய்வு" என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பினார்கள். மீதியிருந்தவர்கள் தங்களுக்கு வேலை உண்டு என்று நம்பினார்கள். அதே வருஷம் நவம்பர் 1-ல் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. டிசம்பரில் பக்கத்திலிருந்த பாக்ஸ்கான் தொழிற்சாலையும் மூடியது. முதல் பட்டியலில் போனவருக்கும் கடைசிப் பட்டியலில் போனவருக்கும் வித்தியாசம் சில மாதங்கள்தான்.

படித்தவர்களுக்கு இந்த நிலைமை இல்லை என்று நினைக்க வேண்டாம். நம் திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே படித்துப் பெரிய கம்பெனிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நல்ல ஆசைதான். ஆனால் டி.சி.எஸ். என்ற மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் நூற்றுக்கு 2 பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைப்பதாக அறிவித்தது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவரும் பஞ்சுத் தூசியில் நிற்பவரும் ஒரே தராசில்தான் நிறுக்கப்படுகிறார்கள்.

வயலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"இது ஆலைக்காரர் பாடு, எங்களுக்கென்ன?" என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. ஆலையிலிருந்து துரத்தப்பட்டவன் எங்கே போகிறான்? நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு என்று தன் ஊருக்குத்தான் திரும்பி வருகிறான். அறுப்பு மெஷின் வந்த பிறகு வயலில் வேலை நாள் ஏற்கெனவே குறைந்துவிட்டது. குறைந்த வேலைக்கு ஆள் கூடினால் கூலி என்ன ஆகும்? ஆக, ஆலையில் விழுந்த அடி வயலிலும் கேட்கிறது.

நம் காரைக்கால் காவேரியின் கடைமடை. காவேரித் தீர்ப்பில் புதுச்சேரி மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி. தண்ணீர் நம் வயல்களுக்காகத்தான். அது காலத்தில் வந்து சேராத வருஷம் குறுவை இல்லை. குறுவை இல்லையென்றால் நடவு இல்லை, களை இல்லை. அதுவும் ஒரு லே-ஆப்தான்! ஆலைத் தொழிலாளிக்காவது லே-ஆப் காலத்தில் பாதிச் சம்பளம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நாற்று நடும் தாய்க்கு எந்தச் சட்டத்தில் பாதிக் கூலி எழுதியிருக்கிறது?

வயலிலும் ஆட்குறைப்பு நடந்ததுண்டு. 1952-ல் தஞ்சை ஜில்லாவுக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது நீக்கக்கூடாது என்றது சட்டம். மிராசுதாரர்கள் என்ன செய்தார்கள்? "பண்ணையாள் இருந்தால்தானே சட்டம்!" என்று கூட்டம் கூட்டமாகப் பண்ணையாட்களை விலக்கி, அன்றாடக் கூலிகளாக்கினார்கள். அதே வயல், அதே வேலை; பாதுகாப்பு மட்டும் போயிற்று. இன்று ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியை அனுப்பிவிட்டு அதே மிஷினில் காண்ட்ராக்ட் ஆளை நிறுத்துகிறார்களே, அந்தத் தந்திரத்தின் தாத்தா இதுதான்.

உள்ளூர்க்காரன் கூலி கேட்டால் வெளியூர்க்காரனை இறக்கு என்பது இன்னொரு தந்திரம். கீழ்வெண்மணித் தகராறிலும் அது இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் அங்கே 44 உயிர்கள் தீயில் போயின. ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் பக்கத்து ஊர் மண் சொல்லும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் லே-ஆப், ஆட்குறைப்பு விதிகள் 1953-ல் சேர்க்கப்பட்டன. கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்றது சட்டம். அதாவது மேஸ்திரிக்குப் பிடிக்காதவரைப் பொறுக்கி எடுக்கக்கூடாது. மறுபடி ஆள் எடுத்தால் போனவருக்கே முதலிடம் என்றது. 1976-ல் இன்னும் ஒரு பாதுகாப்பு வந்தது: 300 பேருக்குக் குறையாத தொழிற்சாலை ஆட்குறைப்புக்கு முன்னால் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும். 1982-ல் செய்த திருத்தம் அந்த 300-ஐ 100 ஆக்கியது. 1992-ல் மீனாட்சி மில் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட பெஞ்சு, இப்படி அனுமதி வாங்கச் சொல்வது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இப்போது நிலைமை என்ன? 2020-ல் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. 100 மறுபடி 300 ஆகிவிட்டது. 250 பேர் வேலை செய்யும் நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை அந்த முதலாளி அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இன்று வேண்டியதில்லை. போனவரை மறுபடி அழைக்கும் கடமைக்கும் ஒரு வருஷம் என்று எல்லை போட்டுவிட்டார்கள். குறித்த காலத்துக்கு மட்டும் வேலை என்று ஆள் எடுத்தால், காலம் முடிந்து அனுப்புவது ஆட்குறைப்பே ஆகாது. வேலை போன தொழிலாளிக்குப் புதுத் தொழில் கற்க 15 நாள் சம்பளம் என்று ஒரு நிதி சொல்லியிருக்கிறார்கள். கிடைப்பதை விட வேண்டாம், கேட்டு வாங்குவோம். ஆனால் பதினைந்து நாள் கூலியில் நாற்பது வயதுக்காரர் என்ன புதுத் தொழில் கற்றுவிடுவார்?

"ஆலை நஷ்டத்தில் ஓடுகிறதே?"

நம்மவரிலேயே சிலர் இதைக் கேட்கிறார்கள். கேட்பது தவறல்ல. ஆலைக்கு நஷ்டம் வருவதுண்டு. பஞ்சு விலை ஏறும், நூல் விலை விழும், மிஷின் பழையதாகும். அப்போது மூன்று பேரைக் காப்பாற்றப் போய்ப் பத்துப் பேரும் மூழ்க வேண்டுமா என்கிறார்கள்.

முதலில், நஷ்டம் என்றால் கணக்கைக் காட்டட்டும். லாபம் வந்த வருஷங்களில் அது எங்கே போயிற்று? மிஷின் வாங்கினார்களா, வேறு ஊரில் நிலம் வாங்கினார்களா? இரண்டாவது, நஷ்டம் உண்மையானால் அதைப் பங்கிட வேறு வழி உண்டு. 2009-ல் உலகச் சந்தை சரிந்தபோது ஜெர்மனியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களை வெளியே அனுப்பாமல், அவர்களுடைய வேலை நேரத்தைக் குறைத்தார்கள். குறைந்த சம்பளத்தில் ஒரு பகுதியை சர்க்கார் நிதி ஈடுகட்டியது. சந்தை நிமிர்ந்தபோது ஆட்கள் ஆலையிலேயே இருந்தார்கள். அதுவும் முதலாளிகளின் நாடுதான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? இங்கே கேட்பவர் இல்லை என்பதுதானே காரணம்?

போனவருக்காக வாய் திறந்தால் எங்கள் வேலையும் போகுமே என்று இருப்பவர் அஞ்சுவது நமக்குப் புரிகிறது. வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது பயம் வருவது குற்றமல்ல. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். ஆலைக்குள்ளே இருப்பவரிடம்தான் பலம் இருக்கிறது. வெளியே போனவர் வேலைநிறுத்தம் செய்ய முடியுமா? மிஷினை நிறுத்தும் கை உள்ளே இருப்பவருடையதுதான். 1955-ல் கான்பூர் பஞ்சாலைகளில் 40,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ராஷனலைசேஷனை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கையில் வேலை இருந்தபோதே, அடுத்த ஆளின் வேலையைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்று நின்றவர்கள் அவர்கள். சுமையை மறுத்ததால்தான் அது போராட்டமாயிற்று.

செய்ய வேண்டியது

நாம் சொல்வது நாலே விஷயம்.

ஒன்று: வேலை போனவரின் பெயரைச் சங்கப் பதிவேட்டிலிருந்து எடுக்கக்கூடாது. முதலாளி எடுத்தான் என்பதற்காகச் சங்கமும் எடுக்கலாமா? சந்தா வாங்காவிட்டாலும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அவருடைய நஷ்ட ஈடு, கிராஜுவிட்டி, பிராவிடண்ட் பண்டு கணக்குகளைச் சங்கமே முன்னின்று வாங்கித் தர வேண்டும்.

இரண்டு: காலியான இடத்தின் வேலையைப் பேச்சுவார்த்தை இல்லாமல் பங்கு போட்டுக்கொள்ளக்கூடாது. ஒரு தொழிலாளி எத்தனை மிஷின் பார்ப்பது என்பதைச் சங்கத்தோடு எழுதி முடிவு செய்ய வேண்டும். நாம் சத்தமில்லாமல் ஏற்கும் ஒவ்வொரு கூடுதல் மிஷினும் அடுத்த பட்டியலில் ஒரு பெயராகும்.

மூன்று: பதிலியையும் காண்ட்ராக்ட் ஆளையும் எதிரியாகப் பார்க்கக்கூடாது. பட்டியலே போடாமல் அனுப்பப்படுகிறவர் அவர்தான். அவருக்கு லே-ஆப் பணமும் இல்லை, நோட்டீசும் இல்லை. சங்கத்தின் கதவு முதலில் அவருக்குத் திறக்க வேண்டும்.

நான்கு: ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஊர் திரும்பும் ஆலைத் தொழிலாளி ஊர்க்கூலிக்குக் குறைந்து வயலில் இறங்க மாட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும். தண்ணீர் வராத பருவத்தில் விவசாயத் தொழிலாளிக்கு நிவாரணம் வேண்டும் என்று ஆலைத் தொழிலாளி குரல் கொடுக்க வேண்டும்.

இவை பெரிய காரியங்களாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் முதலாளியின் கணக்கு முழுவதும் போனவரும் இருப்பவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையின் மீது நிற்கிறது. பெரிய செலவில்லாமல் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கலாம். உங்கள் தெருவில் வேலை போனவர் ஒருவர் இருந்தால் இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய், சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், தோழர்களே!